ஊசலும் நிழலும்: புதுச்சேரியில் அளத்தல் கற்பித்த காலம்

புதுச்சேரி நகரத்துப் பள்ளிகள் தமிழ்நாட்டின் பாடத்திட்டத்தையே பின்பற்றிவந்த நெடுங்காலத்தில், மேல்நிலை வகுப்பு இயற்பியல் செய்முறைத் தேர்வுக்குச் சென்ற மாணவர்களுள் தனி ஊசல் சோதனையின் விடையை முன்னரே அறியாமல் ஆய்வகத்தில் நுழைந்தவரைக் காண்பது அரிது. நூலின் முனையில் தொங்கும் உலோகக் குண்டை ஆடவிட்டு, ஊசலின் நீளத்தையும் ஓர் அலைவுக்கு ஆகும் நேரத்தையும் அளந்து, அவற்றிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தை, அதாவது தடையின்றி விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடியும் எவ்வளவு கூடுகிறது என்பதைக் கண்டறிவது அச்சோதனையின் நோக்கம். அந்த அளவு வினாடிக்கு வினாடி 980 சென்டிமீட்டர் என்று பாடநூலிலேயே அச்சாகியிருந்தமையால், பல ரெக்கார்டு நோட்டுகளில் கணக்கு கீழிருந்து மேலாக எழுதப்பட்டது. விடையை முதலில் இட்டு, அதற்குப் பொருந்தும் ‘ரீடிங்’கைப் பிறகு நிரப்புவது மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் தெரிந்த, எவரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடாக இருந்தது. மதிப்பெண் அதனால் குறைந்ததில்லை; அளத்தல் என்ற செயல் மட்டும் நடக்காமலே போயிற்று.

1980களின் நடுப்பகுதியிலிருந்து இந்த ஏற்பாட்டுக்கு வெளியே வேறு வகையான ஒரு கற்பித்தல் நகரத்தில் வேர்விடத் தொடங்கியது. புதுச்சேரி அறிவியல் இயக்கத்தில் கூடிய பள்ளி, கல்லூரி ஆசிரியர்களும் இளைஞர்களும், 1987இல் நாடெங்கும் நடந்த மக்கள் அறிவியல் கலைப்பயணத்திலும், அதே ஆண்டில் தொடங்கிய ‘துளிர்’ என்னும் சிறுவர் அறிவியல் இதழிலும், அந்தப் பத்தாண்டின் இறுதியில் எழுந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்திலும் பெற்ற பழக்கத்தைப் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்துச் சென்றனர். 1993இல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கப்பட்டு, 10 முதல் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, வழிகாட்டி ஆசிரியர் ஒருவரின் துணையோடு தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்ற முறை வந்தபின், அப்பழக்கத்திற்கு ஆண்டுதோறும் ஒரு களம் கிடைத்தது. இங்கு நினைவுகூரப்படுவன அக்காலத்தின் சனி, ஞாயிறு வகுப்புகளும் மொட்டைமாடிச் சோதனைகளுமே. இக்கட்டுரையாளர் அவற்றில் கோல் பிடித்தும் நேரம் குறித்தும் நின்ற பலருள் ஒருவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல இங்கு ஒன்றுமில்லை.

வகுப்பறைச் சுவர்களில் அறிவியல் முறை என்ற தலைப்பில் அம்புக்குறிகளால் இணைத்த ஐந்து கட்டங்கள் தொங்கின: உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு, விதி. கருதுகோள் என்பது ஒரு நிகழ்வுக்குத் தற்காலிகமாக முன்வைக்கப்படும், பொய்யென்று காட்டப்படவும் கூடிய விளக்கம். பிள்ளைகள் அந்தக் கட்டங்களை ஒப்பிக்கத் தெரிந்திருந்தனர். ஆனால் அவர்களுடைய கருதுகோள் எதுவும் பள்ளிக்குள் ஒருமுறையேனும் பொய்த்ததில்லை. பொய்க்க வாய்ப்பில்லாதவற்றையே பள்ளி அவர்களுக்குக் கொடுத்திருந்தது.

ஊசலையே எடுத்துக்கொள்ளலாம். மின்விசிறிக் கொக்கியில் ஏறத்தாழ 1 மீட்டர் நூலைக் கட்டி, இரு குழுக்களைத் தனித்தனியே அளக்கவிட்டபோது, ஒரு குழுவுக்குப் புவியீர்ப்பு முடுக்கம் 9.70 என்றும் மற்றொன்றுக்கு 9.79 என்றும் வந்தது. “எது சார் கரெக்ட்?” என்ற கேள்வி எழுவதற்குள் முதற்குழுவின் கையில் ரப்பர் ஏறிவிட்டது. அழிக்க வேண்டாம் என்று தடுத்து, இரு குழுக்களும் தாம் செய்ததை வரிசையாகச் சொல்லுமாறு கேட்கப்பட்டபோதுதான், முதற்குழு குண்டை மிக அகலமாக இழுத்து விட்டிருந்தது தெரிந்தது. அலைவு நேரம் வீச்சைச் சார்ந்ததன்று என்ற பாடநூல் வாசகம் சிறு வீச்சுக்கு மட்டுமே பொருந்தும். குண்டு 15 பாகை இழுத்து விடப்பட்டால் அலைவு நேரம் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுகிறது. கணக்கில் அலைவு நேரம் இருமடியாக வருவதால், முடுக்கம் அதைப்போல் இரு மடங்கு குறைந்து 9.70 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அக்குழு தவறாக அளக்கவில்லை; சரியாக அளந்து, பாடநூல் சொல்லாமல் விட்ட ஒன்றைக் கண்டிருந்தது.

மற்றக் குழுவின் கதை இதைவிடச் சுவையானது. புவி முழுமையான கோளமன்று. தன்னைத்தானே சுற்றுவதால் நடுக்கோட்டில் சற்றே புடைத்திருக்கிறது. அதனாலும் அந்தச் சுழற்சியாலும் புவியீர்ப்பு முடுக்கம் நடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறைகிறது. பாரிசில் அது ஏறத்தாழ 9.81, ஏறக்குறைய 12 பாகை வட அகலாங்கில் இருக்கும் புதுச்சேரியில் 9.78. ஆகவே புதுச்சேரியில் ஒரு மாணவர் மிகுந்த கவனத்தோடு அளந்து 9.78 என்று எழுதினால், அதை 9.8 என்று ‘திருத்தும்’ சிவப்பு மை அவ்வூரின் ஈர்ப்பை அழித்துப் பொது ஈர்ப்பை எழுதுகிறது. 1672இல் தென்னமெரிக்காவின் கயேன் நகருக்குச் சென்ற ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிசில் சரியாக ஓடிய தம் ஊசல் கடிகாரம் அங்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியதைக் கண்டதிலிருந்தே இந்த வேறுபாடு அறியப்பட்டது. அதே கணக்கைப் போட்டால் பாரிசுக் கடிகாரம் புதுச்சேரியில் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் பின்தங்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தனர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1790இல், ஒரு வினாடிக்கு ஒரு பக்கம் வீசும் ஊசலின் நீளத்தையே உலகப் பொது அளவாகக் கொள்ளலாம் என்று தாலிரான் முன்மொழிந்ததும், மறு ஆண்டே அது கைவிடப்பட்டு, வடமுனையிலிருந்து நடுக்கோடு வரையிலான தூரத்தின் கோடியில் ஒரு பங்கு மீட்டர் என முடிவானதும் இந்த இடத்தில் சொல்லப்பட்டால்தான் பொருள் விளங்கும். வினாடி ஊசலின் நீளம் பாரிசில் 99.4 சென்டிமீட்டர்; புதுச்சேரியில் 99.1. இடத்திற்கு இடம் மாறும் ஒன்றை எல்லா இடத்துக்கும் அளவாக வைப்பதில் உள்ள சங்கடம் அந்த 3 மில்லிமீட்டரில் அடங்கியிருக்கிறது.

ஆயினும் 9.78க்கும் 9.80க்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளி ஊசலால் பிரித்தறிய முடியுமா என்ற கேள்வியை எழுப்பாமல் விடுவது நேர்மையாகாது. எழுப்பியபோதுதான் அளவையியலின் சாரம் பிள்ளைகளின் கைக்கு வந்தது. வேறுபாடு ஏறத்தாழ 0.2 விழுக்காடு, அதாவது 1 மீட்டர் நூலில் 2 மில்லிமீட்டர். கொக்கியிலிருந்து குண்டின் மேற்பரப்பு வரை அளந்துவிட்டு அதன் ஆரத்தைச் சேர்க்க மறந்தால் அதைப் போலப் பல மடங்கு பிழை வந்துவிடும். ஆரத்தை அறிய வெர்னியர் அளவி வேண்டும்; பியர் வெர்னியர் 1631இல் வெளியிட்ட அந்த உத்தி, சற்றே வேறுபட்ட இடைவெளி கொண்ட இரு அளவுகோல்களை அருகருகே நகர்த்தி, அவற்றின் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தைக் கொண்டு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கைப் படிக்க வைப்பது. ஒரு கருவியால் அளக்கத்தக்க மிகச் சிறிய அளவுக்கு மீச்சிற்றளவு என்று பெயர். கருவியின் மீச்சிற்றளவுக்குக் கீழே ஓர் இலக்கம் எழுதுவது கற்பனை என்ற பாடம் இங்கே இயல்பாக வந்தது. நேரத்தைப் பொறுத்தவரை சிக்கல் விரலில் இருந்தது: நிறுத்துக் கடிகாரம் நூறிலொரு வினாடி காட்டினாலும், கண் கண்டு விரல் அழுத்துவதில் பத்திலொன்று அல்லது இரண்டு வினாடி தவறுகிறது. 20 அலைவுகளுக்கு 9.78, 9.80 ஆகிய இரண்டும் தரும் கால வேறுபாடு ஏறத்தாழ 0.04 வினாடிதான். 200 அலைவுகளுக்கு அது 0.4 வினாடியை எட்டுகிறது. ஆகவே 200 எண்ண வேண்டும். எண்ணினார்கள், நடுவில் எண்ணிக்கை தப்பி மீண்டும் தொடங்கினார்கள், ஒருவர் சத்தமாக எண்ண மற்றொருவர் பத்துக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்துவைக்கும் வழியைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள்.

புளியங்கொட்டை வைத்து எண்ணுவதற்கு இந்நகரத்தில் மதிப்புமிக்க முன்னோடிகள் உண்டு. அதைச் சொல்லுமுன் நிழலுக்குச் செல்ல வேண்டும். உச்சிவேளை எத்தனை மணிக்கு என்ற கேள்வியே நிழல் வகுப்பின் தொடக்கம். பன்னிரண்டு மணிக்கு என்பது ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளின் விடை. அது அவர்களின் முதல் கருதுகோள். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தால் தரையையும் தூக்குக்குண்டால் கோலையும் சரிபார்த்து, பொங்கல் விடுமுறையில் மொட்டைமாடியில் 1 மீட்டர் கோல் நடப்பட்டு, நிழல் மிகக் குறுகும் நேரம் குறிக்கப்பட்டது. இங்கேதான் முதல் தடை வந்தது. சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரைப்பாகை அகல வட்டாகத் தெரிவதால் நிழலின் நுனி கூராக இராது. இருளுக்கும் ஒளிக்கும் இடையே அரைநிழல் எனப்படும் மங்கலான பட்டை, ஜனவரியின் சாய்ந்த வெயிலில் 1 மீட்டர் கோலுக்கு ஒரு சென்டிமீட்டரையும் தாண்டும். உச்சிக்கு முந்தைய பத்து நிமிடத்தில் நிழலின் நீளம் மாறுவதோ 2 மில்லிமீட்டர் அளவே. ஒரு சென்டிமீட்டர் மங்கலில் 2 மில்லிமீட்டர் மாற்றத்தைக் காண இயலாது என்பதால், குறுகிய நிழலை நேரடியாகத் தேடும் முயற்சி பயனற்றது. பிள்ளைகள் நான்கு பேர் நான்கு நேரம் சொன்னார்கள்.

மாற்று வழி பழமையானது. கோலை மையமாக வைத்து ஒரு வட்டம் வரைந்து, முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும் நேரத்தையும், பிற்பகலில் மீண்டும் தொட்டு வெளியேறும் நேரத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடுநேரத்தைக் கண்டால் அதுவே உச்சி. காலையிலும் மாலையிலும் நிழல் விரைந்து நகர்வதால் மங்கலின் பாதிப்பு குறைகிறது. நுனியின் எந்தப் பகுதியைக் குறித்தாலும் இரு வேளையும் அதே பகுதியைக் குறித்தால் பிழை தன்னைத்தானே கழித்துக்கொள்கிறது. தமிழ்நாட்டுச் சிற்பிகள் கோயிலுக்கும் மனைக்கும் திசை காணச் சங்கு நடுவது இவ்வழியில்தான். நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் பகுதியிலும் கோல் நட்டு நண்பகல் நிழலால் திசை குறித்த செய்தி வருகிறது. இவ்வாறு கண்டபோது பொங்கல் காலத்து உச்சி 12.20ஐ ஒட்டி வந்தது. இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது, புதுச்சேரி 79.8இல் இருக்கிறது, பாகைக்கு 4 நிமிடமாகச் சூரியன் ஏறத்தாழ 11 நிமிடம் பிந்தி வருகிறது. கருதுகோள் திருத்தப்பட்டது: உச்சி 12.11க்கு என்று வைத்துக்கொண்டு, எஞ்சிய 9 நிமிடத்தை அளவுப் பிழை என்று கழித்துவிடலாம் எனச் சிலர் வாதிட்டனர். தம் அளவுகள் தமக்குள் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேறுபடாதபோது ஒன்பது நிமிடத்தைப் பிழையின் தலையில் கட்ட முடியாது என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் மறுத்தது, அந்த ஆண்டு வகுப்புகளில் கேட்ட மிகச் சிறந்த வாதம் எனலாம். பிப்ரவரி நடுவில் 12.25, ஏப்ரலில் 12.09, நவம்பர் தொடக்கத்தில் 11.54 என்று உச்சி நகர்வதைக் கண்டபின், புவியின் அச்சுச் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து சூரியனைக் கடிகாரத்துக்கு முன்னும் பின்னும் தள்ளுகின்றன என்ற விளக்கத்திற்கு அவர்கள் காத்திருந்தார்கள். கேட்காத கேள்விக்கு விடையாக அது திணிக்கப்படவில்லை.

ஏப்ரல் 21ஐ ஒட்டியும், மீண்டும் ஆகஸ்ட் 21ஐ ஒட்டியும் புதுச்சேரியில் சூரியன் நேர் உச்சியில் வந்து, செங்குத்தான கோலின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடுகிறது. கத்திரி வெயில் தொடங்க இன்னும் இரு வாரம் இருக்கும்போதே சூரியன் உச்சியைக் கடந்துவிடுவது பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும். எரட்டோஸ்தனிசு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்ததுபோல, நிழலற்ற ஊருக்கும் நிழலுள்ள ஊருக்கும் உள்ள தூரத்தையும் நிழல் காட்டும் கோணத்தையும் கொண்டு புவியின் சுற்றளவைக் கணக்கிடுவது அந்நாளின் வேலை. சென்னை அருகில் இருப்பதால் அங்குள்ள பள்ளியோடு சேர்ந்து அளப்பது எளிது என்று எல்லாருக்கும் தோன்றும். ஆனால் அன்று சென்னையில் 1 மீட்டர் கோலின் நிழல் 2 சென்டிமீட்டர். அரைநிழலோ 9 மில்லிமீட்டர். கோணத்தில் கால் பாகை தவறினால் சுற்றளவில் ஐந்திலொரு பங்குக்கு மேல் தவறிவிடும். 425 கிலோமீட்டர் தெற்கே கன்னியாகுமரியில் நிழல் தென்புறமாக விழுந்து 6.7 சென்டிமீட்டர் நீள்கிறது. அதே கால் பாகை அங்கு பதினைந்தில் ஒரு பங்கு பிழையாகச் சுருங்குகிறது. எங்கே அளப்பது என்று முடிவு செய்வது எவ்வாறு அளப்பது என்பதைவிட முந்தியது.

இதனை இந்நகரத்தில் மிகுந்த வலியோடு உணர்ந்தவர் பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ழாந்தி. வெள்ளிக் கோள் சூரிய வட்டின் குறுக்கே கடந்து செல்லும் இடைநகர்வைப் பூமியின் தொலைவான இடங்களிலிருந்து நேரம் குறித்து அளந்தால் சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம் என்பதால், 1761ஆம் ஆண்டு நிகழ்வைப் புதுச்சேரியிலிருந்து காண அவர் 1760இல் பிரான்சிலிருந்து புறப்பட்டார். அவர் வந்து சேருமுன்பே நகரம் ஆங்கிலேயர் வசமாகிவிட்டது, கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று தெளிவான வானத்தில் வெள்ளியைக் கண்ணால் கண்டும், ஆடும் கப்பலின் இடமும் நேரமும் உறுதியாகத் தெரியாததால், அந்தக் காட்சி அளவாகவில்லை. எட்டாண்டுக்குப் பின் வரவிருந்த அடுத்த நிகழ்வுக்காகக் கிழக்கிலேயே தங்கி, 1768இல் புதுச்சேரி வந்து, இடிக்கப்பட்ட கோட்டையின் சிதைவுகள்மீது ஆய்வுக்கூடம் கட்டி, இடத்தையும் நேரத்தையும் துல்லியமாக அறிந்து காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை மேகம் மூடியது. இதை வெறும் துரதிர்ஷ்டக் கதையாகச் சொல்லிச் சிரிக்க வைப்பது வழக்கம். 2004 ஜூன் 8 அன்று மீண்டும் இடைநகர்வு வந்தபோது பிள்ளைகளுக்கு அது வேறு வகையில் சொல்லப்பட்டது: முதல்முறை அவரிடம் காட்சி இருந்தது, இடமில்லை, இரண்டாம்முறை இடமிருந்தது, காட்சியில்லை, அளவு என்பதற்கு இரண்டும் வேண்டும்.

காத்திருந்த நாள்களில் லெ ழாந்தி இங்குள்ள தமிழ்க் கணிதரிடம் கிரகணக் கணக்கைக் கற்றார். எழுதாமல், புளியங்கொட்டைக்கு முன்னோடியான சோழிகளைப் பரப்பியும் நினைவில் இருத்திய வாக்கியங்களைக் கொண்டும் கணித்த அம்முறையில், 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவு 41 வினாடி குறைவாக வந்தது. ஐரோப்பாவில் புகழ்பெற்ற தொபியாஸ் மாயரின் அட்டவணை 68 வினாடி கூடுதலாகத் தந்தது. மேடைப் பேச்சாளர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அறிவியல் வகுப்பு நிறுத்தக் கூடாது. 1825இல் ஜான் வாரன் தம் ‘காலசங்கலித’ நூலுக்காகப் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரை அதே சோழி முறையில் கணிக்கச் செய்தபோது, கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் தவறின. தொடக்கமும் முடிவும் எதிரெதிர்த் திசையில் தவறியதால் கால அளவில் பிழை 56 நிமிடம். ஒரே முறை ஒரு தடவை 41 வினாடிக்கும் மறு தடவை 56 நிமிடத்திற்கும் பிழைபட்டால், அம்முறையைப் பற்றி என்ன சொல்லலாம் என்று கேட்டபோது, “ரெண்டு தடவை போதாது, இன்னும் பார்க்கணும் சார்” என்று வந்த பதிலைவிடக் கூடுதலாக எந்த ஆசிரியரும் எதிர்பார்க்கத் தேவையில்லை. பெருமையும் இகழ்ச்சியும் ஓர் அளவை வைத்துப் பேசுகின்றன. பிள்ளைகள் அளவுகளின் சிதறலைக் கேட்டார்கள்.

அலகுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது வீட்டிலிருந்தே வந்தது. புதுச்சேரியில் ஒரு குழி என்பது 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. தஞ்சை வட்டாரத்தில் அது 144 சதுர அடி. இங்கு 100 குழி ஒரு காணி, அங்கு 100 குழி ஒரு மா. பத்திரத்திலோ பிரெஞ்சு மரபில் ஹெக்டேர், ஆர், செந்தியார் என்று எழுதியிருக்கும். ஒரு காணி 53.5 ஆர் என்று தாத்தாவின் வாய்க்கணக்கையும் பத்திரத்தையும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்த பிள்ளைகளுக்கு, அலகு எழுதாத எண்ணுக்கு ஏன் மதிப்பெண் இல்லை என்று தனியே விளக்க நேர்ந்ததில்லை.

இவையெல்லாம் சேர்ந்து சோதிக்கப்பட்டது கடற்கரையில். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபின், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் தென்புறத்தில் தேங்கி, நகரத்தின் முன்னிருந்த மணற்பரப்பு கரைந்து கருங்கற்கள் மட்டும் எஞ்சின. அரிப்பு வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று நகர்ந்தது. குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக மணலின் அகலத்தை மாதந்தோறும் அளக்க முற்பட்ட குழுக்களின் முதல் நோட்டுகளில், ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் 4 மீட்டர் வேறுபாடு இருந்தது. ஒரு குழு தென்னை மரத்திலிருந்து அளந்திருந்தது, மற்றொன்று மேட்டின் விளிம்பிலிருந்து. ஒன்று அலை ஏறிய ஈரக்கோடு வரை, மற்றொன்று தண்ணீர் தொடும் இடம் வரை. ஏற்ற வற்றத்தின் நேரத்தை இரண்டும் குறிக்கவில்லை. இம்முறை ரப்பரை எவரும் எடுக்கவில்லை. இரு நோட்டுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, மீனவர் கூட்டுறவுக் கட்டடத்தின் மூலையில் பெயிண்டால் ஒரு குறியிட்டு, இனி எல்லாரும் அதிலிருந்தே, ஈரக்கோடு வரை, நேரத்தையும் எழுதி, மூவர் தனித்தனியே அளந்து மூன்று எண்ணையும் பதிவது என்று தீர்மானித்தனர். அறிக்கையில் அவர்கள் எழுதிய அகலங்கள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூட்டல் கழித்தல் குறியிட்டு அரை மீட்டர் என்று இருந்தது. மழைக்காலத்தில் சேர்ந்த நோட்டுகளில் அது ஒரு மீட்டராக எழுதப்பட்டு, அலை உயரமாக இருந்ததால் ஈரக்கோட்டைப் பிரித்தறிய முடியவில்லை என்று கீழே காரணமும் குறிக்கப்பட்டிருந்தது.